மலிவு விலை மது

ஆடி மாதம் பிறந்தால் ஜவுளிக் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார். தீபாவளிக்கு முன் பாத்திரக் கடைக்காரர் விலையைக் குறைப்பார். தேங்கிய சரக்கைத் தீர்ப்பதற்கும் புதிய வாடிக்கைகளைப் பிடிப்பதற்கும் வியாபாரிகள் கையாளும் பழைய உபாயம் அது. அதில் நாம் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2022-ம் வருஷத்தில், மகாத்மா காந்தியின் சமாதி இருக்கும் டில்லி மாநகரத்திலே, மதுக்கடைகளில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இனாம்' என்ற கூவல் எழுந்தது. ஜனங்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் பெட்டி பெட்டியாகச் சுமந்து சென்றார்கள்.

அந்த விவகாரம் பிறகு கோர்ட்டு வழக்காகவும் கட்சிச் சண்டையாகவும் மாறியதை நேயர்கள் அறிவார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய புலனாய்வு இலாகா வழக்குப் பதிவு செய்தது. அப்போதைய உப முதன் மந்திரி ஸ்ரீ மனீஷ் சிசோடியா 2023 பிப்ரவரியிலும், முதன் மந்திரி ஸ்ரீ அர்விந்த் கேஜ்ரிவால் 2024 மார்ச்சிலும் கைதானார்கள். இருவருக்கும் 2024-ல் சுப்ரீம் கோர்ட் ஜாமீன் அளித்தது. அந்த வழக்குகளின் குணதோஷங்களில் நாம் இங்கே பிரவேசிக்கவில்லை. லஞ்சம் உண்டா, இல்லையா என்று தீர்மானிப்பது நியாயாதிபதிகளின் வேலை. லஞ்சமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அந்த விதிகள் நல்ல விதிகளா என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. கட்சிக்காரர்கள் இரு தரப்பிலும் எழுப்பிய கூச்சலில் அந்தக் கேள்வி அமுங்கிப் போயிற்று. அதை வெளியே எடுத்து வைப்பதே நமது நோக்கம்.

டில்லி சர்க்காரின் புதிய ஆப்காரிக் கொள்கை 2021 நவம்பர் 17 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் நகரத்து மதுக்கடைகளிற் பெரும்பாலானவற்றைச் சர்க்கார் ஸ்தாபனங்கள் நான்கு நடத்தி வந்தன. புதிய கொள்கையின்படி சர்க்கார் சில்லறை வியாபாரத்திலிருந்து அறவே விலகிக்கொண்டது. நகரம் 32 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. 849 கடைகள் திட்டமிடப்பட்டன. வட்டாரங்கள் ஏலத்தில் தனியாருக்கு விடப்பட்டன. மது மாபியாவை ஒழிப்பது, சர்க்காருக்கு வருமானத்தைப் பெருக்குவது, வாங்குவோருக்கு நல்ல கடைகளை அளிப்பது ஆகிய மூன்றும் கொள்கையின் நோக்கங்கள் என்று சொல்லப்பட்டது. குடிப்பவனுடைய வீட்டைப் பற்றிய நோக்கம் எதுவும் இவற்றிடையே பிரதானமாகக் காணப்படவில்லை. வருஷத்தில் 21 நாட்களாக இருந்த மதுக்கடை விடுமுறை 2022 ஜனவரியில் மூன்றாகக் குறைக்கப்பட்டது.

கடைக்காரர் தள்ளுபடி கொடுக்க முன்வந்ததற்கு அவருடைய தாராள குணம் காரணமென்று எவரும் நினைக்க மாட்டார்கள். காரணம் வரி முறையிலே இருக்கிறது. முன்பு ஒவ்வொரு புட்டிக்கும் கலால் வரியும் விற்பனை வரியும் தனித்தனியே வசூலிக்கப்பட்டன. புதிய கொள்கையில் அந்த வரிகளின் பெரும் பகுதி லைசென்ஸ் கட்டணமாக மாற்றப்பட்டு, குத்தகைதாரரிடமிருந்து மொத்தமாக வாங்கப்பட்டது. புட்டியின்மேல் விழும் கலால் வரியும் விற்பனை வரியும் தலைக்கு 1 சதவிகிதமாகச் சுருங்கின. சில்லறை விலையில் தள்ளுபடி கொடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் லைசென்ஸ்தாரருக்கு அளிக்கப்பட்டது.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் விஷயத்தைத் தெளிவாக்கும். ஒரு புட்டியின் உச்ச விலை 1,000 ரூபாய். அதில் சரக்கின் அசல் 300 ரூபாய், வரி 600 ரூபாய், கடைக்காரரின் லாபம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி புட்டிக்குப் புட்டி வசூலாகுமானால், கடைக்காரர் எவ்வளவு தலைகீழாய் நின்றாலும் 100 ரூபாய்க்கு மேல் தள்ளுபடி கொடுக்க முடியாது. கொடுத்தால் கைப்பணம் போய்விடும். இப்போது அதே வரியை வருஷத்துக்கு 6 கோடி ரூபாய் என்று முன்கூட்டி மொத்தமாக வாங்கிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அந்தப் பணம் விற்றாலும் போயிற்று, விற்காவிட்டாலும் போயிற்று. இனி அவருக்கு ஒரு புட்டியின் அடக்கம் 300 ரூபாய்தான். ஒன்றுக்கு ஒன்று இனாம் கொடுத்து, இரண்டு புட்டிகளை 1,000 ரூபாய்க்குத் தள்ளினாலும், புட்டிக்கு 200 ரூபாய் வீதம் அவர் போட்ட முதலில் திரும்பி வருகிறது.

கணக்கை இன்னும் ஓர் அடி நகர்த்துவோம். முழு விலைக்கு விற்றால் புட்டிக்கு 700 ரூபாய் வீதம் சுமார் 86,000 புட்டிகளில் அவருடைய 6 கோடி திரும்பிவிடும். பாதி விலைக்கு விற்றால் 3 லக்ஷம் புட்டிகள் விற்றாக வேண்டும். அதாவது, பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்த மாத்திரத்தில் இவரும் குறைத்தாக வேண்டும். குறைத்த பின் மூன்றரை மடங்கு சரக்கைத் தள்ளியாக வேண்டும். மூலதனம் பெருத்தவர் இந்தப் போட்டியில் தாக்குப் பிடிப்பார். சிறியவர் முறிந்து போவார். டில்லியில் பல வட்டாரங்களின் குத்தகைதாரர்கள் காலம் முடியுமுன்னரே லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரி 25 அன்று டில்லி சட்டசபையில் சமர்ப்பிக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கை, இந்தக் கொள்கையால் சர்க்காருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சுமார் 2,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் 890 கோடி, திருப்பிக் கொடுக்கப்பட்ட வட்டாரங்களை மறுபடி ஏலம் விடாததால் வந்தது என்று அவ்வறிக்கை கூறுகிறது. வருமானத்தின் பொருட்டு வகுத்த கொள்கை வருமானத்தையும் தரவில்லை.

கொள்கையை வகுத்தவர்களின் கட்சியையும் எடுத்துரைப்பது நியாயம். 'சர்க்காரின் வருமானம் முன்கூட்டி நிச்சயமாகிவிட்டால், அதிக மது விற்க வேண்டுமென்ற ஆசை சர்க்காருக்கு இராது' என்று அவர்கள் சொல்லலாம். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் சர்க்காரை விட்டு நீங்கிய அந்த ஆசை எங்கே போயிற்று? குத்தகைதாரரிடம் போய்ச் சேர்ந்தது. அவரிடம் பன்மடங்கு வளர்ந்தது. சர்க்காருக்கு ஆசையிருந்தால் சட்டசபையில் கேள்வி கேட்கலாம், தேர்தலில் பதில் சொல்லச் செய்யலாம். குத்தகைதாரரை யார் கேட்பது? தம் பங்கை முன்னதாக வாங்கிப் பெட்டியில் பூட்டிய சர்க்கார், கடையில் நடப்பதைக் கவனிக்கும் சிரத்தையையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

தள்ளுபடியின் விளைவு தெருவில் தெரிந்த பிறகு கலால் இலாகா விழித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 28 அன்று தள்ளுபடிகளை நிறுத்தும்படி ஓர் உத்தரவு பிறந்தது. கடை வாசல்களில் பெருங்கூட்டம் சேருகிறது, சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் நேருகிறது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை உண்டாகிறது, சில லைசென்ஸ்தாரர்கள் குறுகிய கால லாபத்துக்காக ஆரோக்கியமற்ற வியாபார முறைகளைக் கையாளுகிறார்கள் என்பவை அந்த உத்தரவில் கண்ட காரணங்கள். தொற்று நோய்ப் பயமும் சேர்த்துச் சொல்லப்பட்டது. லைசென்ஸ்தாரர்களிற் சிலர் ஹைகோர்ட்டுக்குச் சென்றார்கள். ஏப்ரல் 2 அன்று, ஐந்து வாரம் நிறைவதற்குள், இலாகா இறங்கி வந்தது. உச்ச விலையில் 25 சதவிகிதம் வரை தள்ளுபடி கொடுக்கலாம் என்று அனுமதித்தது.

இந்த இரண்டு உத்தரவுகளையும் நிதானமாகப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். முதல் உத்தரவில் கூட்டத்தைப் பற்றிய கவலை இருக்கிறது; போக்குவரத்தைப் பற்றிய கவலை இருக்கிறது; போட்டி வியாபாரியைப் பற்றிய கவலையும் இருக்கிறது. சம்பளத்தில் பாதியைப் புட்டிக்கு அழுத தொழிலாளியின் மனைவியைப் பற்றி அதில் கவலை இல்லை. தள்ளுபடியினால் கூட்டம் சேராமல், வீட்டு வாசலுக்கே சரக்கு வந்து இறங்கியிருந்தால், இந்த உத்தரவுக்கு அவசியமே இல்லாமற் போயிருக்கும்! காரணம் தவறாக இருந்ததனால்தான் உத்தரவு ஐந்து வாரம்கூட நிற்கவில்லை. கூட்டத்தை அடக்குவதற்கென்று போட்ட தடை, கூட்டம் கலைந்தவுடன் ஆதாரமற்றுப் போயிற்று. 25 சதவிகிதம் என்ற எல்லைக்கு என்ன நியாயம்? முப்பது, நாற்பது சதவிகிதம் கெடுதல் என்றால் இருபத்தைந்து எப்படி நன்மையாயிற்று? கெடுதலுக்கு அளவு வைத்து லைசென்ஸ் கொடுத்ததன்றி இதை வேறு எப்படிச் சொல்வது?

இதே டில்லி சர்க்கார், இதே கட்சியின் ஆட்சியில், 2020 மே மாதத்தில் செய்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஊரடங்குக்குப் பின் மதுக்கடைகள் திறந்தபோது கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. சர்க்கார் உடனே மதுவின் உச்ச விலைமேல் 70 சதவிகிதம் விசேஷ வரி விதித்தது. அடுத்த மாதம் அதை நீக்கிவிட்டு, விற்பனை வரியை 20-லிருந்து 25 சதவிகிதமாக உயர்த்தியது. விலையை உயர்த்தினால் கூட்டம் குறையும் என்று 2020-ல் அறிந்திருந்தவர்களுக்கு, விலையைக் குறைத்தால் கூட்டம் பெருகும் என்பது 2022-ல் மறந்து போயிற்றா? விலை என்பது மதுவின் விஷயத்தில் மிக வலிய கடிவாளம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அந்தக் கடிவாளத்தைக் குத்தகைதாரர் கையில் கொடுத்தார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

தள்ளுபடிக்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, வியாபாரச் சுதந்திரம். 'அரிசிக்கும் துணிக்கும் போட்டி விலை நல்லதென்றால் மதுவுக்கு மட்டும் கெடுதலா?' என்று கேட்கிறார்கள். இதற்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. நமது அரசியல் சாஸனத்தின் 47-வது ஷரத்து, ஜனங்களின் ஆரோக்கியத்தை உயர்த்துவதைச் சர்க்காரின் முதற் கடமைகளில் ஒன்றாக வைத்து, மருந்துக்கன்றிப் போதைப் பொருள்களை உபயோகிப்பதை விலக்க முயலும்படி பணிக்கிறது. மது வியாபாரம் செய்வது பிரஜைகளின் அடிப்படை உரிமையன்று என்று சுப்ரீம் கோர்ட் 1994-ல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அரிசி மலிந்தால் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடும். மிச்சப் பணம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும். மது மலிந்தால் மிச்சப் பணமும் மதுவுக்கே போகும். 2019-ம் வருஷத்தில் உலகத்தில் 26 லக்ஷம் மரணங்களுக்கு மது காரணமாக இருந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சரக்கை அரிசியோடு ஒரே தராசில் நிறுப்பது தர்க்கமாகாது.

இரண்டாவது வாதம், ஏழையின் பெயரால் சொல்லப்படுவது. 'விலை ஏறினால் ஏழை கள்ளச் சாராயத்தை நாடுவான்' என்கிறார்கள். இந்தப் பயம் பொய்யானதன்று. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் தள்ளுபடியைத் தடுப்பதும் விலையை ஏற்றுவதும் வெவ்வேறு காரியங்கள். தள்ளுபடியைத் தடுத்தால் சரக்கு வழக்கமான விலைக்கு விற்கும், அவ்வளவே. கள்ளச் சாராயத்தை ஒழிக்கப் போலீஸும், ஆப்காரி அதிகாரிகளும், மெத்தனாலின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் விதிகளும் இருக்கின்றன. அவர்கள் தூங்குவதற்குப் பரிகாரமாக மதுக்கடையில் இனாம் கொடுக்க முடியுமா? மேலும் இந்தத் தள்ளுபடிகள் யாருக்கு உதவுகின்றன? பண்டிகைக்கு ஒரு புட்டி வாங்குபவனுக்கு 'ஒன்றுக்கு ஒன்று' அவசியமில்லை. எவ்வளவு அதிகம் வாங்குகிறானோ அவ்வளவு அதிக லாபம் என்ற முறை, தினந்தோறும் குடிப்பவனுக்கென்றே அமைந்தது. 2019-க்கும் 2021-க்கும் இடையில் நடந்த தேசிய குடும்ப நல ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் 19 சதவிகிதத்தினர், பெண்களில் 1.3 சதவிகிதத்தினர். ஆகவே ஆண்களில் ஐந்தில் நால்வர் குடிப்பதில்லை. பெரிய வியாபாரிகளின் கண் இந்த நால்வர்மேலும் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிய வாடிக்கையைப் பிடிக்கும் தூண்டிலே தள்ளுபடி.

பிற தேசத்தார் இந்த விஷயத்தில் அடைந்த அனுபவம் நமக்குப் பயன்படும். மதுவிலக்கை விரும்பாத தேசங்களின் அனுபவம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஸ்காட்லாந்து விஸ்கிக்குப் பேர் போன நாடு. மது வியாபாரம் அதன் செல்வத்தில் ஒரு பங்கு. அந்த நாட்டில் 2011 அக்டோபர் 1 முதல், 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இனாம்' போன்ற எண்ணிக்கைத் தள்ளுபடிகள் கடைகளில் தடுக்கப்பட்டன. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? மூன்று புட்டிக்குச் சேர்த்துக் குறைத்த விலையை ஒவ்வொரு புட்டியிலும் நேராகக் குறைத்தார்கள். தடையின் எழுத்து காப்பாற்றப்பட்டது. நோக்கம் பாதி கெட்டது. அதிலிருந்து ஸ்காட்லாந்தின் சட்டசபை ஒரு பாடம் கற்றது. ஒரு வகைத் தள்ளுபடியை அடைத்தால் மற்றொரு வகை திறந்துகொள்ளும். ஆகவே விலைக்குக் கீழெல்லை வேண்டும் என்பதே அந்தப் பாடம். 2012-ல் அதற்குச் சட்டம் செய்தார்கள். விஸ்கி முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 2017 நவம்பரில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது, சட்டம் வென்றது. 2018 மே 1 முதல், மதுவிலுள்ள சாராயச் சத்தின் ஒவ்வோர் அலகுக்கும் 50 பென்ஸுக்குக் குறைந்து விற்கக் கூடாதென்ற விதி அமலாயிற்று. 2024 செப்டம்பர் 30 முதல் அது 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது.

பலன் என்ன? ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மது ஒன்றையே காரணமாகக் கொண்ட மரணங்கள், விதி இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட 13.4 சதவிகிதம் குறைந்தன என்றும், விற்பனை சுமார் 3 சதவிகிதம் குறைந்ததென்றும் கண்டது. விற்பனையில் சிறிய குறைவு, மரணத்தில் பெரிய குறைவு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மிக மலிவான சரக்கை மிக அதிகமாகக் குடிப்பவனையே கீழெல்லை தடுக்கிறது. இதில் குறைகளும் உண்டு. ஏற்கனவே மதுவுக்கு அடிமையாகி நோயாளியானவர்களிற் சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள் என்று அந்த ஆராய்ச்சிகளே கூறின. அவர்களுக்கு விலை மருந்தாகாது, வைத்தியம் வேண்டும். கீழெல்லையால் ஏறும் விலை சர்க்காருக்குப் போகாமல் கடைக்காரரிடம் தங்குவது மற்றொரு குறை. நாம் அந்தச் சட்டத்தை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. அதன் அனுபவத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

ஐர்லாந்து இன்னும் நுட்பமாகச் சட்டம் செய்தது. 2021 ஜனவரி 11 முதல் அங்கே எண்ணிக்கைத் தள்ளுபடி கூடாது. மூன்று நாள் அல்லது அதற்குக் குறைந்த காலத்துக்கு மட்டும் விலையைக் குறைத்து ஜனங்களை இழுக்கக் கூடாது. மது வாங்கியதற்காக வாடிக்கைக்காரருக்குப் பரிசுப் புள்ளிகள் வழங்கக் கூடாது. 2022 ஜனவரி 4 முதல், சாராயச் சத்து ஒரு கிராமுக்கு 10 சென்ட் என்ற கீழ் விலையும் சேர்ந்தது. இங்கிலாந்திலேகூட, 'ஒரே கட்டணம் செலுத்தி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்ற விடுதித் தந்திரங்களை 2010-ல் கட்டுப்படுத்தினார்கள். வரித் தொகைக்கும் குறைந்த விலையில் மதுவை விற்கக் கூடாதென்று 2014-ல் விதித்தார்கள். குடியைப் பாவமென்று கருதாத ராஜ்யங்களே இவ்வளவு செய்யும்போது, அரசியல் சாஸனத்தில் 47-வது ஷரத்தை எழுதி வைத்திருக்கும் நாம் செய்தது என்ன? உச்ச விலையைப் புட்டியின்மேல் அச்சிட்டோம். குடிப்பவன் அதிக விலை கொடுத்து ஏமாறாமல் காப்பாற்றினோம். அவன் குடும்பம் ஏமாறாமல் காப்பாற்ற ஒரு கீழ் விலையை அச்சிட நமக்குத் தோன்றவில்லை!

டில்லிக் கொள்கை 2022 ஆகஸ்டு முடிவில் முடிந்தது. செப்டம்பர் 1 முதல் பழையபடி சர்க்கார் ஸ்தாபனங்கள் நான்கும் கடைகளை ஏற்றன. கொள்கை முடியப் போகிறதென்ற செய்தி வந்தபோது நடந்தது கவனிக்கத் தக்கது. கையிலுள்ள சரக்கைத் தீர்ப்பதற்காக ஜூலைக் கடைசியில் கடைகளில் தள்ளுபடி மறுபடி தலைவிரித்தாடிற்று. 2025 மார்ச் மாதக் கடைசியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த நோய்டாவிலும் இதே காட்சியைக் கண்டோம். புதிய லைசென்ஸ் வருஷம் ஏப்ரலில் பிறக்கவிருந்தது. லைசென்சை இழந்த கடைக்காரர்கள் 'ஒன்றுக்கு ஒன்று' என்று சரக்கை வாரி இறைத்தார்கள். வேறு ராஜ்யம், வேறு கட்சி. ஆனால் ஒரே விதமான கணக்கு. ஆகவே இது ஒரு கட்சியின் குணத்தால் விளைந்ததென்று மற்றொரு கட்சி மார்தட்டிக்கொள்வதற்கு இடமில்லை. விதியில் ஓட்டை இருக்கும் வரையில் எவர் ஆண்டாலும் அதன் வழியே சரக்கு ஒழுகும்.

'சர்க்காரே கடை நடத்திவிட்டால் தீர்ந்தது' என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது ராஜ்யத்தில் 2003 முதல் சில்லறை மது வியாபாரம் முழுவதும் டாஸ்மாக் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தின் கையில் இருக்கிறது. அங்கே தள்ளுபடி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தள்ளுபடி இல்லாமலே சர்க்காரின் பெட்டி மதுவை நம்பி நிற்கப் பழகிவிட்டது. தள்ளுபடி ஒரு வியாதி. வருமான மோகம் மற்றொரு வியாதி. ஒன்று இல்லாததைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தபோது, வருமானம் போகுமென்று தெரிந்தே செய்தது. அந்த இழப்பை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தது. மதுப் பணத்துக்கு மாற்று வழி தேடுவது ராஜ தந்திரம் என்று அந்தத் தலைமுறை கருதிற்று. அந்த விற்பனை வரியும் மதுவும் சேர்ந்து இன்று பெட்டியை நிரப்புவது காலத்தின் கோலம்.

பூரண மதுவிலக்கைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. அதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளக்கூடிய குறைந்தபட்ச விதிகளையே நாம் இங்கே பிரேரேபிக்கிறோம். முதலாவதாக, மதுவின்மேல் வரியை ஒவ்வொரு புட்டிக்கும் தனித்தனியே, அதிலுள்ள சாராயச் சத்தின் அளவுக்குத் தக்கபடி வசூலிக்க வேண்டும். மொத்தக் குத்தகைத் தொகையாக மாற்றக் கூடாது. கணக்கில் நாம் காட்டியபடி, தள்ளுபடியின் வேர் அங்கேதான் இருக்கிறது. வரியாக ஏறுவதால் விலையின் பலன் வியாபாரிக்குப் போகாமல் பொதுப் பணத்தில் சேரும். இரண்டாவதாக, புட்டியில் அச்சிட்ட விலையே உச்ச விலையாகவும் கீழ் விலையாகவும் இருக்க வேண்டும். சதவிகிதக் கணக்கில் சலுகை எதுவும் கூடாது. மூன்றாவதாக, இனாம், பரிசுச் சீட்டு, புள்ளி, உடன்பொருள் ஆகிய மறைமுகத் தள்ளுபடிகள் யாவற்றையும் ஒரே ஷரத்தில் தடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் அனுபவம் இதற்குச் சாட்சி. நான்காவதாக, லைசென்ஸ் காலம் முடியும்போது மிச்சமுள்ள சரக்கைப் புதிய லைசென்ஸ்தாரரோ சர்க்கார் கிடங்கோ நியாய விலைக்கு ஏற்க வேண்டும். அப்போது மார்ச் மாத இனாம் திருவிழாவுக்கு முகாந்தரம் இராது.

ஐந்தாவது விதி எல்லாவற்றிலும் கடினமானது. ஆப்காரி, அரசியல் சாஸனப்படி ராஜ்யங்களின் அதிகாரத்தில் உள்ளது. டில்லியில் விலை உயர்ந்தால் குடிப்பவன் குருகிராமத்துக்கும் நோய்டாவுக்கும் வண்டி ஏறுகிறான்; அங்கே உயர்ந்தால் டில்லிக்குத் திரும்புகிறான். ஒரு ராஜ்யம் மலிவாக விற்று அண்டை ராஜ்யத்தின் வருமானத்தைக் கவர நினைக்கும் வரை, எந்தத் தடையும் எல்லைச் சாவடியோடு முடிந்துவிடும். ஆகவே அண்டை ராஜ்யங்கள் கூடிப் பேசி, தள்ளுபடியில்லாத விலை என்ற ஒரு விஷயத்திலாவது உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். நதி நீருக்கும் ரஸ்தாவுக்கும் கூடிப் பேசுகிறவர்கள் இதற்குக் கூடுவதில் என்ன தடை?

1930-ல் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்து அடிபட்டவர்கள் நமது தேசத் தொண்டர்கள். ஸ்திரீகள் குழந்தைகளை வீட்டில் விட்டு வந்து வெயிலில் நின்றார்கள். 1931-ல் காந்தி-இர்வின் உடன்படிக்கையில் சமாதானமான மறியலுக்கு அன்னிய சர்க்காரே இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 'குடிக்காதே' என்று கைகூப்பிக் கேட்பதற்காக அன்று கடை வாசலில் கூட்டம் நின்றது. 2022-ல் அதே வாசலில் நின்ற கூட்டம் இனாம் புட்டிக்காக நின்றது. சர்க்கார்களின்மேல் மாத்திரம் பழியைப் போட்டு நாம் தப்பிக்க முடியாது. தெருவில் ஜனங்கள் நின்றபோது தேசத் தொண்டர்கள் எங்கே நின்றார்கள் என்ற கேள்வி நமக்கும் உண்டு.

எந்த ராஜ்யத்தில் புதிய ஆப்காரிக் கொள்கை பிரசுரமானாலும், அதில் எத்தனை கடைகள், எவ்வளவு வருமானம் என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. வரி புட்டிக்கா குத்தகைக்கா, அச்சிட்ட விலைக்குக் கீழே விற்க அனுமதி உண்டா, மிச்சச் சரக்குக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்று கேள்விகளை நமது ஊழியர்கள் முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் கேட்க வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் பதில் சொல்லும் வரை கேட்க வேண்டும். மது விற்பதைச் சர்க்கார் இன்றே நிறுத்திவிடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அதை இனாமாகக் கொடுப்பதையாவது நிறுத்தும்படி செய்யப் பொதுஜன அபிப்பிராயத்துக்கு வலு உண்டு. அந்த வலுவைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு.